இறால், நண்டுகளின் நரம்புப் பெப்டைடுகளும் இனப்பெருக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்புப் பெப்டைடு என்பது என்ன?

நரம்பணுக்கள் அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்துத் தயாரித்து வெளியிடும் செய்தி மூலக்கூறுகளே நரம்புப் பெப்டைடுகள். ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட புரோக்டோலின் முதல் எழுபதுக்கும் மேற்பட்டவற்றைக் கொண்ட கண்காம்பு ஹார்மோன்கள் வரை இவற்றின் அளவு வேறுபடும். மரபணுவின் கட்டளைப்படி முதலில் ஒரு பெரிய முன்னோடிப் புரதம் உருவாகிறது. நொதிகள் அதைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டுகின்றன. வெட்டிய துண்டுகள் நுண்பைகளில் அடைக்கப்பட்டு, நரம்பிழை வழியாக அதன் முனை வரை கொண்டுசெல்லப்படுகின்றன. அசெட்டைல்கோலின், குளூட்டமேட் போன்ற சிறிய நரம்புக் கடத்திகளை அந்த முனையிலேயே மீட்டெடுத்து மறுபடியும் பயன்படுத்த முடியும். பெப்டைடுகளுக்கு அந்த வசதி கிடையாது, தீர்ந்துபோனால் அணுவின் உடற்பகுதியில் புதிதாகத்தான் செய்தாக வேண்டும். இதனாலேயே நரம்பணுக்கள் இவற்றை அளந்து செலவிடுகின்றன. நரம்புக் கடத்திகளின் வேலை மில்லிநொடிகளில் முடிந்துவிடும் என்றால், பெப்டைடின் விளைவு நொடிகளிலிருந்து நிமிடங்கள் வரை நீளும். அதுவே குருதியில் கலந்து ஹார்மோனாகச் செயல்படும்போது நாட்கணக்கிலும் நீடிக்கும்.

இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளின் உடலில் இவை எங்கே உருவாகின்றன?

மூளை, உணவுக்குழலைச் சுற்றியுள்ள நரம்பு முடிச்சுகள், வயிற்றுப்புற நரம்புத்தண்டு என நரம்பு மண்டலம் முழுவதும் உருவாகின்றன. குருதியில் கலக்கும் பெப்டைடுகளுக்கு இரண்டு வாயில்கள் முக்கியமானவை. முதலாவது இதயத்தைச் சுற்றி வலைபோல் பரவிக் கிடக்கும் இதயச்சூழ் உறுப்பு. கரையோர நண்டான கார்சினஸ் மெய்னாஸின் இந்த உறுப்பிலிருந்துதான், ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட இதயத்தூண்டல் பெப்டைடு 1987இல் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டாவது கண்காம்பு. இறாலின் கண் நேராகத் தலையில் பதிந்திருப்பதில்லை, அசையக்கூடிய ஒரு காம்பின் நுனியில் இருக்கிறது. அந்தக் காம்புக்குள் பார்வை நரம்பு முடிச்சுகளுடன் எக்ஸ் உறுப்பு எனப்படும் சுரக்கும் நரம்பணுக்களின் கூட்டமும் உள்ளது. அந்த அணுக்களின் இழைகள் ஒன்றாகத் திரண்டு, சைனஸ் சுரப்பி என்னும் சேமிப்பிடத்தில் முடிகின்றன. சுரப்பி என்று பெயர் பெற்றிருந்தாலும் சைனஸ் சுரப்பி எதையும் தானாகத் தயாரிப்பதில்லை. எக்ஸ் உறுப்பு தயாரித்து அனுப்புவதை வைத்திருந்து, வேண்டும்போது குருதியில் விடுவது மட்டுமே அதன் பணி.

கண்காம்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தொடர்புண்டு என்பது எப்படித் தெரிய வந்தது?

நீக்கிப் பார்த்ததால் தெரிய வந்தது. கண்காம்பை இழந்த நண்டு வழக்கத்தைவிட விரைவாக ஓடு கழற்றுகிறது என்று ஸெலெனி 1905இலேயே குறித்து வைத்திருந்தார். கண்காம்பின் சாற்றைச் செலுத்தினால் இறாலின் உடல்நிறம் மாறுவதைப் பெர்க்கின்ஸ் 1928இல் காட்டினார். அப்படியானால் காம்பிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் குருதியில் கலக்கிறது என்று பொருள். ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ்ட்ரோம் 1930களில் எக்ஸ் உறுப்பையும் சைனஸ் சுரப்பியையும் விவரித்தார். 1943இல் பிரான்சின் பனூஸ், கண்காம்பு நீக்கப்பட்ட பெண் இறாலின் சினைப்பை பருவம் தவறி வேகமாக வளர்வதைக் கண்டார். உறுப்பை நீக்கியதும் ஒரு செயல் முடுக்கம் பெறுகிறது என்றால், அந்த உறுப்பு அதுவரை அச்செயலைக் கட்டுப்படுத்தி வந்திருக்க வேண்டும். முட்டை பொரித்துக் குஞ்சு உற்பத்தி செய்யும் இறால் பொரிப்பகங்களில் இன்று நடக்கும் கண்காம்பு நீக்கம் என்னும் வழக்கத்துக்கு இந்த எளிய முடிவுதான் அடிப்படை. ஆயினும் அந்தத் தடுப்புப் பொருள் இன்னதென்று வேதியியல் வழியில் உறுதிசெய்ய மேலும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

கண்காம்பில் உள்ள முக்கியமான பெப்டைடுகள் எவை?

முதலில் அடையாளம் காணப்பட்டவை நிறம் சார்ந்தவை. வடகடல் இறாலான பாண்டலஸ் போரியாலிஸின் கண்காம்புகளிலிருந்து பெறப்பட்ட செந்நிறமி ஒடுக்கும் ஹார்மோனின் அமினோ அமில வரிசையை ஃபெர்ன்லண்டும் யோசெஃப்சனும் 1972இல் வெளியிட்டனர். எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட இந்த மூலக்கூறுதான், முதுகெலும்பற்ற உயிர்களின் நரம்பு ஹார்மோன்களில் முதன்முதலாக முழுமையாகப் படித்தறியப்பட்டது.

இனப்பெருக்கத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது வேறொரு குடும்பம். குருதிச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோன் (சி.எச்.எச்.), ஓடு கழற்றலைத் தடுக்கும் ஹார்மோன் (எம்.ஐ.எச்.), சினை முதிர்வைத் தடுக்கும் ஹார்மோன் (ஜி.ஐ.எச்.), தாடை உறுப்பைத் தடுக்கும் ஹார்மோன் ஆகிய நான்கும் உடன்பிறந்தவை. எல்லாவற்றிலும் ஒரே வரிசை முறையில் சிஸ்டீன் என்னும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் ஆறு இடங்களில் அமைந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளால் சங்கிலியை மடித்துக் கட்டுகின்றன. கார்சினஸ் நண்டின் சி.எச்.எச். 72 அமினோ அமிலங்களால் ஆனது என்று 1989இல் தெரிந்தது. அதே நண்டின் எம்.ஐ.எச். 78 கொண்டது என்பதும், அமெரிக்கக் கல் இறாலின் ஜி.ஐ.எச். எப்படிப்பட்டது என்பதும் 1991இல் வெளியாயின. ஒரே மூதாதை மரபணு பலமுறை இரட்டித்து, ஒவ்வொரு பிரதியும் தனித்தனி வேலையை ஏற்றதால் இக்குடும்பம் உருவானதாகக் கருதப்படுகிறது.

இப்பெயர்களை அப்படியே நம்பலாமா?

கூடாது என்பதே என் கருத்து. இத்துறையில் நுழையும் மாணவர்களுக்கு முதலில் சொல்லவேண்டியதும் இதுதான். ஒரு பெப்டைடு எந்தச் சோதனையில் முதலில் அகப்பட்டதோ அந்தச் சோதனையின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. சி.எச்.எச். குருதியில் சர்க்கரையை ஏற்றுவது உண்மை. நீரிலிருந்து வெளியே எடுத்த நண்டில் அதன் அளவு உயர்கிறது. ஆனால் கார்சினஸ் நண்டு ஓடு கழற்றும் நேரத்தில் அதே ஹார்மோனைக் குடலிலுள்ள அணுக்களும் பெருமளவில் வெளியிடுகின்றன. அந்த வெள்ளத்தால்தான் நண்டு நீரை உறிஞ்சி வீங்கிப் பழைய ஓட்டைப் பிளக்க முடிகிறது. அந்த வேளையில் அது சர்க்கரை ஹார்மோனும் அல்ல, கண்காம்பு ஹார்மோனும் அல்ல. ஓடு கழற்றலைத் தடுப்பதாகப் பெயர் பெற்ற எம்.ஐ.எச். வகைகளில் ஒன்று, மெட்டாபெனேயஸ் என்சிஸ் இறாலில் மஞ்சள்கருப் புரதம் உருவாவதைத் தூண்டுவதாகக் கண்டறியப்பட்டுள்ளது. சினைத்தடுப்பு ஹார்மோனோ சினையே இல்லாத ஆண் கல் இறாலிலும் இருக்கிறது.

சினைத்தடுப்பு ஹார்மோன் உடலில் என்ன செய்கிறது?

முட்டை முதிர்வதற்கு மஞ்சள்கரு வேண்டும். அதற்கான மூலப்புரதம் வைட்டெல்லோஜெனின். இறால்களில் அது கல்லீரல்கணையம் என்னும் செரிமானச் சுரப்பியிலும் சினைப்பையிலும் தயாராகிறது. கல்லீரல்கணையத்தில் உருவாவது குருதி வழியாகச் சினைப்பையை அடைந்து, வளரும் முட்டைகளால் உள்வாங்கப்படுகிறது. ஜி.ஐ.எச். இந்த வைட்டெல்லோஜெனின் உற்பத்தியை அடக்கி வைக்கிறது. வெப்பநிலை, பகல் நீளம், ஊட்டம் ஆகியவை சாதகமாகும்போது கண்காம்பிலிருந்து அதன் வெளியீடு குறைகிறது, மஞ்சள்கரு சேரத் தொடங்குகிறது.

இந்தச் சேர்க்கை வெளியே நின்று பார்ப்பவருக்கும் தெரியும் என்பது இறாலின் தனிச்சிறப்பு. வரி இறாலின் முதுகுப்புறத்தில் டார்ச் ஒளியைப் பிடித்தால், ஓட்டின் அடியில் சினைப்பை ஒரு கரும்பட்டையாக நிழலாடும். முதிராத நிலையில் அது மெல்லிய கோடு மட்டுமே. முழுமையாக முதிர்ந்த நான்காம் நிலையில், முதல் வயிற்றுக் கண்டத்துக்கு நேராக அப்பட்டை இருபுறமும் புடைத்து வைர வடிவம் கொள்ளும். நிறமும் கரும்பச்சையாகி அடர்ந்திருக்கும். அந்த வடிவத்தைக் கண்ட பணியாளர் அன்று மாலையே அத்தாய் இறாலைத் தனித் தொட்டிக்கு மாற்றுவார், பெரும்பாலும் அன்றிரவே அது முட்டையிட்டுவிடும்.

தடுக்கும் ஹார்மோன்கள் மட்டும்தான் உள்ளனவா, தூண்டுபவை இல்லையா?

உள்ளன. மூளையின் சாற்றையோ மார்பு நரம்பு முடிச்சையோ பெண் நண்டுக்குச் செலுத்தினால் சினைப்பை வளர்கிறது என்பது பல இனங்களில் காட்டப்பட்டுள்ளது. இதைச் செய்யும் பொருளுக்குச் சினைத்தூண்டல் ஹார்மோன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் ஜி.ஐ.எச். போல இதுதான் என்று சுட்டத்தக்க ஒரே மூலக்கூறாக அது இன்னும் நிறுவப்படவில்லை. நரம்புக் கடத்திகளில் செரோட்டோனின் இந்தத் தூண்டலை முடுக்குகிறது, டோபமைன் அடக்குகிறது. செந்நிறமி ஒடுக்கும் ஹார்மோனும்கூட நன்னீர்க் கல் இறாலில் சினைப்பை வளர்ச்சியை ஊக்குவிக்கிறது.

பெப்டைடு அல்லாத இன்னொரு முக்கியத் தூண்டியையும் குறிப்பிட வேண்டும். தாடை உறுப்பு சுரக்கும் மெத்தில் ஃபார்னசோயேட், பூச்சிகளின் இளம்பருவ ஹார்மோனுக்கு நெருங்கிய உறவுடையது. லாஃபரும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் அதை லிபினியா என்னும் சிலந்தி நண்டில் கண்டறிந்தனர். அது சினை வளர்ச்சிக்கு உதவுகிறது. அதன் சுரப்பையும் கண்காம்பின் பெப்டைடு ஒன்றே அடக்கி வைத்திருக்கிறது. ஆகக் கண்காம்பின் கடிவாளம் சினைப்பையின் மீது மட்டும் இல்லை, அதைத் தூண்டும் சுரப்பியின் மீதும் இருக்கிறது.

ஓடு கழற்றலும் இனப்பெருக்கமும் ஏன் சேர்த்தே பேசப்படுகின்றன?

இரண்டும் ஒரே உடற்சேமிப்பை நம்பியிருப்பதாலும், ஒரே காம்பிலிருந்து கட்டுப்படுத்தப்படுவதாலும். ஒய் உறுப்பு என்னும் சுரப்பி எக்டைஸ்டீராய்டுகளைச் சுரந்தால் விலங்கு ஓடு கழற்றும். அதைத் தடுத்து வைப்பது எம்.ஐ.எச். கண்காம்பை நீக்கினால் இரண்டு தடைகளும் ஒன்றாக விலகும். எது முந்தும் என்பது, நீக்கிய நாளில் அந்த விலங்கு ஓடு கழற்றும் சுழற்சியில் எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

வரி இறாலில் இந்தக் கணக்கு மிகவும் கறாரானது. பெண் ஓடு கழற்றி உடல் மென்மையாக இருக்கும்போதே ஆண் அதனுடன் இணைந்து, மூடிய விந்தேற்பையில் விந்துப்பொதியை வைக்கும். அடுத்த முறை ஓடு கழற்றும்போது அந்த விந்துப்பொதியும் பழைய ஓட்டுடன் போய்விடும். எனவே ஓடு கழற்றும் தறுவாயில் உள்ள பெண்ணின் கண்காம்பை நீக்கினால் அது சினை பிடிப்பதற்குப் பதில் ஓட்டைக் கழற்றிவிடும், இருந்த விந்தும் வீணாகும். ஓடு கழற்றிய உடனே செய்தாலோ குருதிநீர் மிகுதியாக வெளியேறி இறக்க நேரிடும். ஓடு நன்கு கடினப்பட்ட இடைக்காலமே ஏற்றது. பண்ணைகளில் வளர்க்கப்படும் இன்னோர் இனமான வனாமி இறாலின் விந்தேற்பை திறந்த வகை. சினை முதிர்ந்த பிறகு, முட்டையிடுவதற்குச் சில மணி நேரம் முன்பு அது இணைகிறது. அதனால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

சில இனங்கள் இரண்டையும் ஒருங்கே நடத்துகின்றன. சென்னைக் கடற்கரையில் அலை திரும்பும் ஈரமணலில் புதைந்து வாழும் எமெரிட்டா ஏஷியாட்டிகா என்னும் சிறு மணல்நண்டு ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்வது. அதன் ஓடு கழற்றும் சுழற்சியும் சினைச் சுழற்சியும் ஒன்றோடொன்று இசைந்து நடப்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்பிரமணியமும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஓடு கழற்றலும் இனப்பெருக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பாடநூல்களில் எழுதுவது எல்லா இனங்களுக்கும் பொருந்தாது என்பதற்கு இந்த மணல்நண்டே போதுமான சான்று.

பொரிப்பகங்களில் கண்காம்பை எப்படி, ஏன் நீக்குகிறார்கள்?

பெனேயஸ் இன இறால்கள் கடலில் எளிதாக முதிர்ந்தாலும் தொட்டியில் அடைத்தால் சினை பிடிக்கத் தயங்கும். 1970களின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு இறாலில் கண்காம்பு நீக்கம் பலன் தந்தது. அதன் பிறகு அம்முறை ஆசியாவெங்கும் பரவியது. மரக்காணம் கடலோரத்திலுள்ள பொரிப்பகங்கள் உட்பட இந்தியத் தொழிலும் இதைப் பின்பற்றியே வளர்ந்தது.

செய்முறை சிறியது. ஒருவர் தாய் இறாலை நீரில் மூழ்கிய நிலையிலேயே அசையாமல் பிடித்துக்கொள்வார். மற்றவர் ஒரு கண்ணைப் பிளேடால் கீறி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துக் காம்பின் உள்ளடக்கத்தை வெளிநோக்கிப் பிதுக்குவார். சூடேற்றிய இடுக்கியால் காம்பை நசுக்கிச் சுட்டுவிடும் முறையும், நூலால் இறுகக் கட்டி இரண்டொரு நாளில் தானாக உதிரவிடும் முறையும் உண்டு. எல்லாம் நொடிகளில் முடிந்துவிடும். பாலிகீட் என்னும் கடற்புழு, கணவாய், மட்டி ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுத்தால் ஒரு வாரத்தையொட்டிப் பல இறால்கள் நான்காம் நிலையை எட்டிவிடும்.

ஒரு கண்ணை மட்டும் நீக்குவது ஏன்?

இரண்டையும் நீக்கினால் இறால் பார்வையிழந்து, நிலைகுலைந்து வட்டமாக நீந்தும், சர்க்கரை, நீர், உப்பு ஆகியவற்றின் சமநிலை குலையும், அடுத்தடுத்து ஓடு கழற்ற முயன்று மடியும். ஒன்றை நீக்கினால் தடுப்பு ஹார்மோன்களின் அளவு குறைகிறது, ஆனால் முற்றிலும் அற்றுப்போவதில்லை. மீதமுள்ள காம்பு உயிர் தரிக்கத் தேவையானதைத் தொடர்ந்து வழங்குகிறது.

அப்படியானால் இம்முறையில் என்னதான் குறை?

நீக்கப்படுவது ஒரு ஹார்மோன் மட்டும் அல்ல, ஒரு முழு நிலையத்தின் பாதி. சினைத்தடுப்பை விலக்க வேண்டும் என்பது நோக்கமாக இருந்தாலும் சர்க்கரை, ஓடு கழற்றல், நிறமி, நாளொழுங்கு, நோய் எதிர்ப்பு என எல்லாவற்றின் பெப்டைடுகளும் உடன் குறைகின்றன. முதிர்ச்சி உடலின் ஆயத்த நிலையைக் கேட்டு வருவதில்லை. சேமிப்பு போதாவிட்டாலும் சினைப்பை அடுத்தடுத்து நிரம்புகிறது. இறால் மீண்டும் மீண்டும் முட்டையிட்டுத் தளர்கிறது, பிந்தைய ஈடுகளில் (ஒருமுறை இடும் முட்டைத் தொகுதியே ஈடு) பொரியும் விகிதமும் குஞ்சின் வலுவும் சரிகின்றன, தாயின் இறப்பும் கூடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் பொரிப்பகத்துக்கு இது உடனே தென்படாது. அந்தக் குஞ்சுகளைக் குளத்தில் விட்டவருக்குத்தான் தெரிய வரும்.

ஆண் விலங்குகளில் இதற்கு இணையான அமைப்பு உண்டா?

உண்டு, அதன் கதையும் சுவையானது. ஆண்களின் விந்துக்குழல் முனையில் ஆண்மைச் சுரப்பி என்னும் சிறிய திசு இருப்பதை ஷார்னியோ-கோட்டோன் 1954இல் ஆர்கெஸ்டியா என்னும் கடற்கரைச் சிறு ஓட்டுடலியில் கண்டறிந்தார். அதை எடுத்துப் பெண்ணுக்குள் பொருத்தினால் அப்பெண் ஆணாக மாறத் தொடங்கியது. முதுகெலும்பிகளில் விரையே ஆண் ஹார்மோனையும் சுரக்கிறது. இங்கோ விந்து உருவாக்கும் உறுப்பும் ஆண்மையை நிர்ணயிக்கும் சுரப்பியும் தனித்தனி. அச்சுரப்பியின் ஹார்மோன் ஸ்டீராய்டு அல்ல, இன்சுலினை ஒத்த பெப்டைடு என்பது மரப்பேன் என்னும் நிலவாழ் ஓட்டுடலியில் 1999இலும், இறால், நண்டு அடங்கிய பத்துக்காலிகளில் முதன்முறையாகச் செராக்ஸ் என்னும் ஆஸ்திரேலிய நன்னீர்க் கல் இறாலில் 2007இலும் தெளிவானது. கண்டிப்பாகச் சொன்னால் இது நரம்புப் பெப்டைடு அல்ல. ஆனால் கண்காம்பை நீக்கினால் ஆண்மைச் சுரப்பி பருக்கிறது. ஆகவே இதையும் அடக்கி வைப்பவை கண்காம்பின் பெப்டைடுகளே.

இதன் பயன் ஸ்கேம்பி என்னும் நன்னீர்ப் பெரிய இறால் வளர்ப்பில் கிட்டியது. அவ்வினத்தில் ஆண்கள் பெண்களைவிடப் பெரிதாக வளரும் என்பதால் ஆண்களை மட்டும் வளர்ப்பது லாபம். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்களும், பெண்ணுக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும் உள்ளன. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் அமீர் சாகியின் குழு, இளம் ஆண் இறால்களில் அந்த இன்சுலின் வகை மரபணுவை இரட்டை இழை ஆர்.என்.ஏ. கொண்டு அடக்கி, அவற்றை முட்டையிடும் பெண்களாகவே மாற்றிக் காட்டியது. மரபளவில் ஆணாகவே இருக்கும் இந்தப் பெண்கள் சாதாரண ஆண்களுடன் இணைந்தால் பிறப்பவை அனைத்தும் ஆண்கள். மரபணுத் தொகுதியில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்பது இதன் சிறப்பு.

பெண்மைக்கென்று தனி ஹார்மோன் உள்ளதா?

அமெரிக்க நீல நண்டின் கண்காம்பிலிருந்து அத்தகைய புரத ஹார்மோன் ஒன்றை ஸ்மோராவும் சங்கும் 2014இல் அறிவித்தனர். அதை அடக்கினால் முட்டைகளைத் தாங்கும் மயிரிழைகள் போன்ற பெண்பால் உறுப்புகள் சரியாக உருவாகவில்லை. கண்காம்பு தடுப்பதற்கு மட்டுமே உள்ள உறுப்பு என்ற பழைய எண்ணத்தை இது தளர்த்தியது.

இனப்பெருக்கம் தவிர நரம்பு மண்டலத்துக்குள் இவை என்ன செய்கின்றன?

நரம்பியல் அறிஞர்கள் இறாலையும் நண்டையும் போற்றுவது இதற்காகத்தான். நண்டின் இரைப்பையை இயக்கும் நரம்பு முடிச்சில் சுமார் முப்பது நரம்பணுக்களே உள்ளன. அவற்றைத் தனியே எடுத்து உப்புநீர்க் கிண்ணத்தில் வைத்தாலும் இரண்டு தாளங்களைத் தொடர்ந்து எழுப்பும். ஒன்று ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை துடித்து உணவை வடிகட்டும் பைலோரிக் தாளம், மற்றது பல நொடிகளுக்கு ஒருமுறை இரைப்பைப் பற்களை அரைக்க வைக்கும் தாளம். ஈவ் மார்டரும் பிறரும் பல பத்தாண்டுகளாக இந்தச் சிறு முடிச்சின் மீது ஒவ்வொரு பெப்டைடாகச் சொரிந்து பார்த்திருக்கிறார்கள். அணுக்களும் இணைப்புகளும் மாறாதிருக்க, பெப்டைடு மாறினால் தாளம் மாறுகிறது. புரோக்டோலின், இதயத்தூண்டல் பெப்டைடு, செந்நிறமி ஒடுக்கும் ஹார்மோன் ஆகியவை அணுவின் மேற்பரப்பில் உள்ள வெவ்வேறு ஏற்பிகளில் (செய்தி மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதங்களில்) இணைந்தாலும், இறுதியில் ஒரே வகை மின்னோட்டத்தையே திறக்கின்றன. ஆனால் எந்த அணுவில் எந்த ஏற்பி உள்ளது என்பது வேறுபடுவதால் எழும் தாளங்களும் வேறுபடுகின்றன. 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முள் கல் இறாலின் இரைப்பையில் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த இரு தாளங்களைச் செந்நிறமி ஒடுக்கும் ஹார்மோன் ஒன்றாகக் கலந்து புதியதோர் ஒற்றைத் தாளமாக மாற்றியது. தோலில் நிறத்தைச் சுருக்கும் மூலக்கூறு வயிற்றில் நரம்புப் பின்னலையே திருத்தி அமைக்கிறது. மேலே பெயர்களைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்.

தேவையான பெப்டைடைத் தீவனத்தில் கலந்து கொடுக்க முடியாதா?

பெப்டைடும் ஒரு புரதத் துண்டுதான், குடல் அதை உணவாகவே செரித்துவிடும். ஊசி வழியாகச் செலுத்தினாலும் மூன்று கந்தகப் பிணைப்புகளும் சரியாக மடிந்திருக்க வேண்டும், மடிப்புத் தவறினால் வேலை செய்யாது. இனத்துக்கு இனம் வரிசை மாறுகிறது. போதாததற்கு, அமெரிக்கக் கல் இறாலின் சி.எச்.எச்.இல் மூன்றாவது இடத்திலுள்ள ஃபினைல்அலனின் சில மூலக்கூறுகளில் வலஞ்சுழி வடிவிலும் சிலவற்றில் இடஞ்சுழி வடிவிலும் அமைகிறது. மரபணு வரிசையைப் படிப்பதால் மட்டும் இது தெரியாது.

கண்காம்பை நீக்காமல் சினை பிடிக்க வைக்கும் வழிகள் உள்ளனவா?

மூன்று திசைகளில் முயற்சி நடக்கிறது. செரோட்டோனின் ஊசி வனாமியிலும் வரி இறாலிலும் சினை முதிர்வைத் தூண்டுகிறது, ஆனால் பொதுவாகக் கண்காம்பு நீக்கம் தரும் வேகத்தை எட்டுவதில்லை. இரண்டாவது, தடுப்பு ஹார்மோனை மட்டும் குறிவைப்பது. தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தினர், ஜி.ஐ.எச். மரபணுவை அடக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்திய வரி இறால்கள் முதிர்ந்து முட்டையிட்டதை 2011இல் காட்டினர். அந்த ஹார்மோனைப் பிடித்து வைக்கும் எதிர்ப்பொருளையும் பின்னர் சோதித்தனர். காம்பு முழுவதையும் நீக்குவதோடு ஒப்பிட்டால் இதுவே நேர்த்தியான வழி என்பது என் கணிப்பு. செலவும் ஒவ்வொரு இறாலாகப் பிடித்து ஊசி போடும் உழைப்பும்தான் தடை.

மூன்றாவது வழியில் ஹார்மோன் வேலையே இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் வளர்ந்த வனாமி, தொட்டியிலேயே தானாக முதிரும் இயல்பைப் பெருமளவு பெற்றுவிட்டது. இந்தியாவுக்கு 2009 முதல் இறக்குமதியாகி, சென்னை நீலாங்கரைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் வழியே பொரிப்பகங்களை அடையும் நோயற்ற தாய் இறால்களும் இவ்வாறு தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவையே. நல்ல உணவும், சற்றுக் கூடுதலான பெண் இறால்களும் இருந்தால் கண்காம்பை நீக்காமலே வணிக அளவில் முட்டை பெற முடியும். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வொன்றில், கண்காம்பு நீக்கப்படாத தாய்களின் குஞ்சுகள் விப்ரியோ பாக்டீரியாவின் தாக்குதலைக் கூடுதலாகத் தாங்கி உயிர் பிழைத்தன.

இது விலங்கு வதையா?

கீறியவுடன் இறால் வாலைச் சொடுக்குகிறது, காயம்பட்ட இடத்தைக் கால்களால் தேய்க்கிறது. மரப்பு மருந்து தடவினால் அந்தத் தேய்த்தல் குறைகிறது. வெறும் அனிச்சைச் செயல் என்று இதை ஒதுக்குவது எளிதல்ல. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பிரிட்டன் அரசுக்காக 2021இல் தயாரித்த அறிக்கை, பத்துக்காலி ஓட்டுடலிகளுக்கு உணர்வுண்டு என்பதற்கான சான்றுகளைத் தொகுத்து, கண்காம்பு நீக்கத்துக்கு எதிராகவும் பரிந்துரைத்தது. 2022இல் அந்நாட்டின் விலங்குநலச் சட்டம் இவ்விலங்குகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இறக்குமதி செய்யும் நாடுகளின் சில பெருங்கடைகள் இப்போது இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கியுள்ளன.

குஞ்சு வாங்கும் பண்ணையாளர் இதில் எதைக் கவனிக்க வேண்டும்?

நோய்ச் சோதனைச் சான்றைக் கேட்பது போலவே, தாய் இறாலின் கண்காம்பு நீக்கப்பட்டதா, நீக்கிய பிறகு அது எத்தனையாவது முறையாக ஈன்ற ஈடு இது என்ற இரண்டையும் கேட்கலாம். பதிவேடு வைத்துள்ள பொரிப்பகத்தால் இதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியும். பிந்தைய ஈட்டுக் குஞ்சுகள் என்று தெரிந்தால், உப்புத்தன்மையைத் திடீரெனக் குறைத்து எத்தனை தாக்குப்பிடிக்கின்றன என்று பார்க்கும் அழுத்தச் சோதனையைத் தம் கண்முன்னேயே செய்யச் சொல்லி, அதன் பிறகு விலை பேசுவது நல்லது.